எழுவதற்கு ஏற்ற இருக்கை

மூட்டுநோய்ப் பிரிவிற்கு வரும் முதியவர்களிடம், மருந்துச் சீட்டைப் புரட்டுவதற்கு முன்பே நாங்கள் கேட்கும் வினா ஒன்று உண்டு: “வீட்டில் எதில் உட்காருகிறீர்கள்?” உடன் வந்த மகனோ மகளோ சற்று வியப்போடு நோக்குவர். முழங்கால் வலிக்கும் வீட்டுச் சாமானுக்கும் என்ன தொடர்பு என்பது அவர்கள் எண்ணம். முதியவரோ தயங்காமல் விடை கூறிவிடுவார்: “இருக்கதுக்கு ஒண்ணும் இல்ல டாக்டரே, எழும்பதுக்குத்தான் பாடு.” நம் பகுதியில் ‘இருத்தல்’ என்றாலே அமர்தல்தான், வீட்டிற்கு வந்தவரை ‘இருங்க’ என்றுதான் வரவேற்கிறோம். அந்த முதியவர் கூறிய விடையில் இருக்கைகளின் அமைப்பைப் பற்றிய மருத்துவம் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. ஓர் இருக்கை நல்லதா அன்றா என்பதை அதில் அமர்ந்திருக்கும் பொழுதைக் கொண்டு அறிய இயலாது. அதிலிருந்து எழும் கணத்தைக் கொண்டுதான் அறிய வேண்டும்.

எழ இயலாமை சிறிய குறையாகத் தோன்றலாம். ஆனால் அது எங்கெல்லாம் சென்று முடிகிறது என்பதை மருத்துவமனையில் நாள்தோறும் காண்கிறோம். தாழ்ந்த சோபாவில் அமர்ந்திருக்கும் மூதாட்டி ஒவ்வொரு முறை சிறுநீர் கழிக்கச் செல்லும்போதும் யாரையாவது அழைக்க வேண்டும். மகன் வேலைக்குச் சென்றிருப்பார். மருமகள் அடுக்களையில் இருப்பார். இருமுறை அழைத்துவிட்டு மூன்றாம் முறை அழைக்கக் கூச்சப்படும் மூதாட்டி, தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார். நீர் பிரிவதற்கான மாத்திரையைச் சொல்லாமலே நிறுத்திவிடுகிறார். சில நாள்களில் மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, தலைசுற்றல் என ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. பின்னர் ஓர் இரவில் யாரையும் அழைக்காமல் தாமே எழ முயன்று விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து வருகிறார். மருத்துவமனையின் பதிவேட்டில் இவையெல்லாம் வெவ்வேறு நோய்கள். வீட்டிற்குள் சென்று பார்த்தால், பல வேளைகளில் அவற்றின் தொடக்கம் நான்கு அங்குலம் தாழ்வாக அமைந்துவிட்ட ஓர் இருக்கையாக இருக்கும்.

ஆகவே இவ்விதழில் இருக்கைகளைப் பற்றிச் சற்று விரிவாக எழுத எண்ணினேன். அவை எங்கிருந்து வந்தன என்பதை அறிந்தால், அவை ஏன் நம் முதியவர்களின் உடலுக்குப் பொருந்தாமல் நிற்கின்றன என்பதும் விளங்கும்.

தரையிலிருந்து திண்ணைக்கு

நம் முன்னோருக்கு அமர்வதற்குரிய முதன்மையான இடம் தரைதான். கோரைப்பாய், பனையோலைத் தடுக்கு, உண்ணும்போது இடுகின்ற மரப்பலகையாகிய மணை, இவை போதுமானவையாக இருந்தன. சம்மணமிட்டு அமரவும், குந்தியிருந்து காய் நறுக்கவும், அங்கிருந்து கையூன்றாமல் எழவும் சிறு வயது முதலே பழகிய உடல்கள் அவை. பிரேசில் நாட்டில் கிளாடியோ அராவுஜோ என்ற மருத்துவரும் அவர்தம் குழுவினரும் 51 முதல் 80 வயது வரையிலான 2002 பேரைத் தரையில் அமர்ந்து எழச் செய்து, பின்னர் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2012இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கையையோ முழங்காலையோ ஊன்றாமல் அமர்ந்து எழ இயன்றவர்களிடையே இறப்பு குறைவாக இருந்தது. தரையில் அமர்ந்ததால் ஆயுள் கூடியது என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. தசை வலிமையும் சமநிலையும் உடையவர்களால் அவ்வாறு எழ இயன்றது என்பதே பொருள். இன்றும் எளிதாகத் தரையில் அமர்ந்து எழும் பெரியவரிடம், ‘வயதாகிவிட்டது, நாற்காலியிலேயே இருங்கள்’ என்று சொல்லி அந்தத் திறனைப் பறிக்க வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். முழங்கால் தேய்வு முற்றியவர்களும் மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர்களும் வேறு வகையினர். அவர்கள் தரையில் அமர்வது குறித்துத் தம் அறுவை மருத்துவர் கூறுவதையே பின்பற்ற வேண்டும்.

தரைக்கு அடுத்தது திண்ணை. நாஞ்சில் நாட்டின் பழைய வீடுகளில் படிப்புரையும் திண்ணையும் இல்லாத வீடு அரிது. திண்ணையைக் கட்டியவர்கள் மருத்துவம் கற்றவர்கள் அல்லர். ஆயினும் முதியவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான இருக்கையை நான் அதிகம் கண்டதில்லை. அது உயரமானது. ஆதலால் அதிலிருந்து ‘எழ’ வேண்டியதே இல்லை; விளிம்பிற்கு நகர்ந்து காலைத் தரையில் ஊன்றினால் பாதி நின்றாகிவிட்டது. அருகில் தூண் உண்டு, அதுவே கைப்பிடி. வெயில் காலத்தில் குளிர்ச்சி. தெருவில் செல்வோரோடு பேச்சு வேறு. இன்று வீடு புதுப்பிக்கப்படும்போது முதலில் இடிபடுவது திண்ணைதான். அந்த இடத்தில் இருசக்கர வாகனம் நிற்கிறது. பெரியவர் உள்ளறையில் தொலைக்காட்சிக்கு முன் சோபாவிற்குள் புதைந்திருக்கிறார்.

திண்ணையின் மரத்தாலான உறவினர் சாருபடி. திருவிதாங்கூர் மரபில் கட்டப்பட்ட வீடுகளின் பூமுகத்தைச் சுற்றி அகன்ற மரப்பலகையும், வெளிப்புறமாகச் சரிந்து வளைந்த சட்டங்களாலான முதுகுச் சாய்வும் அமைந்திருக்கும். கீழ்முதுகிற்கு இடம் விட்டு, தோளைச் சற்றுப் பின்னால் சாய்க்க இடம் தரும் அந்த வளைவு, பிற்கால அலுவலக நாற்காலிகள் நெடுநாள் முயன்று எட்டிய ஒன்று. அயனியும் பலாவும் இழைத்த நம் ஆசாரிமார் அதைக் கைப்பழக்கத்தாலேயே செய்து வந்தனர்.

நாற்காலி வந்த வழி

நாற்காலி என்ற பெயரைக் கவனியுங்கள். அமர்வதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. கால்களின் எண்ணிக்கைதான் பெயராகியிருக்கிறது. இலங்கைத் தமிழர் ‘கதிரை’ என்பர். நம் மாவட்டத்தின் மேற்குப் பகுதியிலும் மலையாளத்திலும் ‘கசேரை’ என்பர். இரண்டும் போர்த்துகீசியரின் ‘கதெய்ரா’ என்ற சொல்லிலிருந்து வந்தவை. நம் கடற்கரைக்குப் பொருளோடு சொல்லும் கப்பலேறி வந்தது என்பதற்கு இதுவே சான்று. முக்காலி நமக்குப் பழையது. அதற்கு ஒரு காரணமும் உண்டு: மூன்று கால்கள் எந்தத் தரையிலும் ஆடாமல் நிற்கும், நான்கு கால்களுக்குச் சமதளம் தேவை. சாணம் மெழுகிய மண்தரையில் நாற்காலி ஆடும். சிமெண்டுத் தரை வந்த பின்னரே அது வீடுகளில் நிலைபெற இடம் கிடைத்தது என்று நான் கருதுகிறேன்.

உலகில் எங்கும் நாற்காலி தோன்றியது உடலின் வசதிக்காக அன்று, பதவிக்காக. எகிப்திய அரசர்களின் கல்லறைகளில் கிடைத்தவை முதல் நம் சமஸ்தானங்களின் சிம்மாசனங்கள் வரை, ஒருவர் அமர்ந்திருக்கப் பிறர் நிற்க வேண்டும் என்பதற்காகச் செய்யப்பட்டவையே அவை. இதன் மிச்சத்தை என் அறையிலும் காண்கிறேன். எழுபதைக் கடந்த சிலர், வலியால் கால் நடுங்கினாலும், மருத்துவர் ‘இருங்கள்’ என்று இருமுறை சொல்லாமல் அமர்வதில்லை. அந்தத் தயக்கம் எவ்வளவு நீண்ட வரலாற்றைத் தாங்கி வருகிறது என்பதை இம்மாவட்டத்தாருக்கு விளக்க வேண்டியதில்லை.

சிம்மாசனம் என்றதும் ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. 1851இல் இலண்டனில் நடைபெற்ற உலகப் பெருங்கண்காட்சியில், திருவிதாங்கூர் மன்னர் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா விக்டோரியா அரசிக்கு அனுப்பிய தந்தச் சிம்மாசனம் வைக்கப்பட்டது. திருவிதாங்கூர்க் கைவினைஞர் செதுக்கிய அதனை இன்றும் விண்ட்சர் கோட்டையில் காணலாம். அரசி இந்தியப் பேரரசியானதை ஒட்டி எடுக்கப்பட்ட படத்தில் அமர்ந்திருப்பதும் அதில்தான். எனக்கு ஆர்வமூட்டியது அதன் தந்த வேலைப்பாடன்று. அதனோடு சேர்த்து அனுப்பப்பட்ட கால்பலகை. அரசி ஏறத்தாழ ஐந்தடி உயரம் உடையவர். கால்பலகை இல்லையெனில் பேரரசியின் பாதங்கள் அந்தரத்தில் தொங்கியிருக்கும். நம் வீட்டு மூதாட்டியர்க்கு இன்று நேர்வதும் இதுவே. அதைப் பின்னர் கூறுகிறேன்.

நாற்காலியை எளியவரின் வீட்டிற்குக் கொண்டுவந்தது தொழிற்சாலை. மைக்கேல் தோனெட் என்பவர் 1859இல் ஆஸ்திரியாவில் நீராவியால் மரத்தை வளைத்து ஆறே துண்டுகளில் செய்த நாற்காலி கோடிக்கணக்கில் விற்றது. அதன் இருக்கையில் பின்னப்பட்ட பிரம்போ, ஆசியாவிலிருந்து ஐரோப்பா கற்றுக்கொண்ட வேலை. ஒரே அச்சில் ஒரே வார்ப்பாகப் பிறக்கும் பிளாஸ்டிக் நாற்காலி 1970களில் பரவத் தொடங்கியது. இன்று திருமண வீடு, துக்க வீடு, மீன் ஏலக்கூடம், தேவாலய முற்றம் என அது இல்லாத இடமில்லை. பந்தியில் இலை முன் சம்மணமிட்டவர்கள் இப்போது மேசையில் உண்கிறார்கள். முழங்கால் நோயாளிகளுக்கு அது ஒரு விடுதலை என்பதை நான் மறுக்கமாட்டேன்.

ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். 1994இல் வெளிவந்து உலகப் புகழ் பெற்ற ‘ஏரான்’ என்னும் வலைத்துணி அலுவலக நாற்காலியின் வடிவமைப்பாளர்களான பில் ஸ்டம்ப், டான் சாட்விக் இருவரும் முதலில் ஆராய்ந்தது முதியோருக்கான இருக்கையை. நெடுநேரம் பஞ்சு மெத்தையில் அமரும் முதியவர்களின் உடலில் வெப்பமும் அழுத்தமும் சேர்வதைக் கண்டு, காற்றுப் புகும் இருக்கையை நோக்கிச் சென்றனர். முதியோர் நாற்காலி சந்தைக்கு வரவில்லை. அதிலிருந்து கிடைத்த அறிவு கணினி முன் அமரும் இளைஞர்களுக்குச் சென்றது. முதியவர்கள் இன்னும் பஞ்சு மெத்தையில்தான் இருக்கிறார்கள்.

நாற்காலியே மருந்தான கதை

மருத்துவமனைக்கும் நாற்காலிக்கும் உள்ள உறவில் இரண்டு நிகழ்வுகள் நினைவுகூரத் தக்கவை. ஒன்று 1933இல் நிகழ்ந்தது. சுரங்க விபத்தில் கால்களின் இயக்கத்தை இழந்த ஹெர்பர்ட் எவரெஸ்ட் என்ற அமெரிக்கப் பொறியாளரும் அவர்தம் நண்பர் ஹாரி ஜென்னிங்சும் மடக்கிக் காரில் எடுத்துச் செல்லத்தக்க சக்கர நாற்காலியை உருவாக்கினர். இன்று நம் வார்டுகளில் காணும் குறுக்குச் சட்ட மடக்கு நாற்காலி அதன் வழிவந்ததே.

மற்றொன்று இன்னும் பெரியது. மாரடைப்பு வந்தவர்களை நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை அசையாமல் படுக்க வைப்பதே அக்காலத்து மருத்துவம். உணவைப் பிறர் ஊட்டினர். புரண்டு படுக்கவும் தடை. பலர் இதயத்தால் அன்றி, காலில் உறைந்த இரத்தக்கட்டி நுரையீரலுக்குச் சென்றதால் இறந்தனர். பாஸ்டன் நகரின் பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையைச் சேர்ந்த சாமுவேல் லெவைனும் அவருடைய இளம் உதவியாளர் பெர்னார்டு லோனும் 81 நோயாளிகளைத் தொடக்க நாள்களிலேயே படுக்கையிலிருந்து இறக்கிச் சாய்வு நாற்காலியில் அமர்த்தினர். இது கொலைக்கு ஒப்பானது என்று சக மருத்துவர்கள் எதிர்த்தனர். நோயாளிகளோ தேறினர், அச்சம் நீங்கி விரைவில் வீடு திரும்பினர். 1952இல் வெளியான அவ்வறிக்கை மருத்துவத்தின் போக்கையே மாற்றியது. அறுவை முடிந்த மறுநாளே செவிலியர் நோயாளியை நாற்காலியில் அமர்த்தும்போது, ‘பாவம், படுத்திருக்கட்டுமே’ என்று உறவினர் மன்றாடுவதை அடிக்கடி கேட்கிறோம். அந்த நாற்காலியும் மருந்துச் சீட்டின் ஒரு பகுதிதான்.

எழுதல் என்னும் வேலை

நாற்காலியிலிருந்து எழும்போது உடல் என்ன செய்கிறது? அமர்ந்திருக்கையில் உடலின் எடைமையம் பாதங்களுக்குப் பின்னால் இருக்கிறது. எழ வேண்டுமாயின் அதை முன்னோக்கி நகர்த்திப் பாதங்களுக்கு மேலே கொண்டுவர வேண்டும். இதற்காகவே பாதங்களைப் பின்னுக்கு இழுக்கிறோம். உடலை முன்னே சாய்க்கிறோம். அதன் பின்னரே தொடைத் தசை முழங்காலை நிமிர்த்துகிறது. இருக்கை தாழ்ந்திருந்தால் முழங்கால் மிகுதியாக மடங்கியிருக்கும். தசை மிகவும் நலிந்த நிலையிலிருந்து மிகுந்த பளுவைத் தூக்க வேண்டும். 2002இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பின்படி, இருக்கையை உயர்த்துவதால் முழங்கால் மூட்டில் ஏற்படும் முறுக்குவிசை 60 விழுக்காடு வரையிலும் இடுப்பு மூட்டில் 50 விழுக்காடு வரையிலும் குறையக்கூடும். கைப்பிடியைப் பயன்படுத்தினால் இடுப்பின் சுமை பாதியளவு குறையும். இவ்வளவு பயன் தரும் மாத்திரை எங்கள் மருந்தகத்தில் இல்லை.

இப்போது சோபாவை நோக்குங்கள். அது தாழ்வானது. அதன் மெத்தை அமுங்குவதால் மேலும் தாழ்கிறது. ஆழம் மிகுதி, ஆகவே முதுகு சாயும்போது பாதம் தரையை விட்டு எழும்புகிறது. முன்பக்கம் பலகையால் அடைக்கப்பட்டிருப்பதால் பாதத்தைப் பின்னுக்கு இழுக்க வழியில்லை. கைப்பிடி மெத்தென்று அகன்றிருப்பதால் பற்றி ஊன்ற இயலாது. எழுவதற்குத் தேவையான ஒவ்வொன்றையும் அது தடுக்கிறது. பெற்றோருக்கென்று மகன் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பி வாங்கிய பொருள் என்பதால் அதை விட்டு வேறிடத்தில் அமரவும் பெரியவர்கள் மனம் கூசுகிறார்கள்.

சாய்வு நாற்காலியைப் பற்றிச் சொல்லாவிடில் நம் மாவட்டத்தார் என்னை மன்னிக்கமாட்டார்கள். தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்த தோப்பில் முகமது மீரானுக்கு 1997இல் சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றுத் தந்த புதினத்தின் பெயரே ‘சாய்வு நாற்காலி’. அமர்ந்த இடத்திலிருந்தே முன்னோர் தேடிவைத்த பொருளை விற்றுத் தீர்க்கும் குடும்பத் தலைவர் ஒருவரின் கதை அது. மருத்துவர் என்ற முறையில் அந்த நாற்காலி மீது எனக்கு வேறு குற்றச்சாட்டுகள் உண்டு. தொங்கும் கித்தான் துணியில் இடுப்பு முழங்காலை விடத் தாழ்கிறது. எடை முழுவதும் பாதங்களுக்கு வெகு பின்னால் போய்விடுகிறது. இடுப்பு மாற்று அறுவை செய்தவர்கள், மருத்துவர் இசைவு தரும் வரை, இதில் அமரவே கூடாது. இடுப்பு அளவுக்கு மீறி மடங்கினால் புதிய மூட்டு நழுவும் இடர் உண்டு. மற்றவர்கள் அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. துணியின் நீளத்தைக் குறைத்து மீண்டும் தைத்து மாட்டினால் இருக்கை பல அங்குலம் மேலேறும். தையற்காரரிடம் அரை மணி நேர வேலை.

இதனோடு தொடர்புடைய ஓர் எச்சரிக்கை. படுக்கையில் உறங்கி வந்த பெரியவர் ஒருவர், சில நாள்களாகச் சாய்வு நாற்காலியிலேயே இரவைக் கழிக்கிறார் என்றால், அது பழக்கம் என்று விட்டுவிடாதீர்கள். படுத்தால் மூச்சுத் திணறுகிறதா, தலையணையை உயர்த்தினால் தணிகிறதா, கணுக்கால் வீங்கியிருக்கிறதா என்று கேளுங்கள். இதயம் தளர்வதன் முதல் அடையாளம் பெரும்பாலும் இவ்வாறுதான் வீட்டிற்குள் வெளிப்படுகிறது. அப்படியாயின் காலம் தாழ்த்தாமல் அழைத்து வாருங்கள்.

உங்கள் வீட்டில் அளந்து பார்க்க

பெரியவரை உறுதியான பலகையில் அமர்த்தி, முழங்காலின் பின்மடிப்பிலிருந்து தரை வரை அளவெடுங்கள். வீட்டிற்குள் செருப்பு அணிபவராயின் செருப்போடு அளக்க வேண்டும். இருக்கையின் உயரம் அந்த அளவிற்கு ஒன்று முதல் இரண்டு அங்குலம் மேலாக இருக்கலாம். கடைகளில் கிடைக்கும் நாற்காலிகள் பொதுவாக 17, 18 அங்குல உயரத்தில் வருகின்றன. உயரமான ஆணுக்கு அது சரியாக அமையும். குள்ளமான நம் மூதாட்டியர் பலருக்கு அது மிகுதி. பாதம் தொங்க, இருக்கையின் முன்விளிம்பு தொடையின் அடிப்புறத்தை அழுத்த, மாலையில் கால் வீங்கிப்போகும். இந்தியரின் உடலளவுகளைத் திரட்டி அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1997இல் ஒரு நூலாகவே வெளியிட்டது. கடையில் நிற்கும் நாற்காலிகளைப் பார்த்தால் அதைப் படித்தவர் சிலரே என்று தோன்றுகிறது.

இங்கே ஒரு முரண் இருப்பதை நீங்கள் கவனித்திருக்கலாம். எழுவதற்கு உயரம் வேண்டும். அமர்ந்திருக்கப் பாதம் தரையில் பட வேண்டும். இரண்டையும் நிறைவேற்ற எளிய வழி, அரசிக்கு நம் மன்னர் அனுப்பிய அதே கால்பலகைதான். உயரமான நாற்காலியும், அமர்ந்திருக்கும்போது பாதம் வைக்கத் தாழ்ந்த ஒரு மணையும் போதும். எழுவதற்கு முன் மணையைக் காலால் ஒதுக்கிவிட வேண்டும். ஒதுக்காமல் எழுந்தால் அதுவே இடறிவிடும். நினைவு தடுமாறுகின்றவர்களுக்கு இம்முறை வேண்டாம். அவர்களுக்குப் பாதம் தரையில் படும் உயரமே பாதுகாப்பு.

இருக்கையின் முன்விளிம்பிற்கும் கெண்டைக்காலுக்கும் இடையே மூன்று விரல் நுழைய இடம் இருக்க வேண்டும். கைப்பிடி முன்விளிம்பு வரை நீண்டு, ஊன்றினால் அசையாததாக இருத்தல் நலம். மர நாற்காலி தாழ்வாக இருந்தால் ஆசாரியை அழைத்து, நான்கு கால்களுக்கும் குழி செதுக்கிய கட்டைகளைப் பொருத்தச் சொல்லுங்கள். செங்கல்லை அடுக்கி வைப்பது ஆபத்து. பனைநார்க் கட்டிலில் அமர்பவர்களுக்கு நார் தொய்வதே சிக்கல். ஆண்டுக்கு ஒருமுறையேனும் இறுக்கிக் கட்டினால் உட்காரவும் எழவும் அது நல்ல உயரமே.

பிளாஸ்டிக் நாற்காலியை நான் வெறுப்பவன் அல்லன். விலை குறைவு, கழுவலாம், கைப்பிடி உண்டு. ஆனால் நம் கடலோர வெயிலில் ஆண்டுக்கணக்கில் முற்றத்தில் கிடந்த நாற்காலி நிறம் வெளுத்து, தேய்த்தால் மாவு போல் உதிரும். அந்நிலையில் அதன் கால் எச்சரிக்கையின்றி முறியும். கால்களின் மடிப்பில் வெள்ளைக் கோடுகள் தெரிந்தாலும் அதை ஒதுக்கிவிடுங்கள். இரண்டு நாற்காலிகளை ஒன்றினுள் ஒன்றாக அடுக்கிப் போட்டால் உறுதியும் உயரமும் சற்றுக் கூடும். குளியலறையின் ஈரத்தரையில் சாதாரணப் பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும். அங்கே கால்களில் ரப்பர் பொருத்திய குளியல் நாற்காலியே வேண்டும்.

எழும் முறையையும் கற்பிக்க வேண்டும். முன்விளிம்பிற்கு நகர்தல், பாதங்களைப் பின்னுக்கு இழுத்தல், மூக்கு கால்விரல்களுக்கு நேரே வரும் வரை முன்சாய்தல், கைப்பிடியை அழுத்தி எழுதல், எழுந்ததும் பத்து எண்ணும் வரை நின்று, தலை சுற்றவில்லை என்று உறுதியான பின் நடத்தல். பார்க்கின்சன் நோய் உள்ளவர்களுக்கு, முன்னும் பின்னும் மூன்று முறை அசைந்து ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என்று உரக்க எண்ணி எழுவது உதவும். துணை நிற்பவர்கள் கையைப் பிடித்தோ அக்குளில் கைகொடுத்தோ இழுக்கவே கூடாது. பக்கவாதத்தால் தளர்ந்த தோள் அவ்வாறு இழுத்ததில் நழுவியதைப் பலமுறை கண்டிருக்கிறோம். பக்கத்தில் நின்று, ஒரு கையை இடுப்பின் பின்னும் மற்றதை மார்பின் முன்னும் வைத்து, அவர் முன்சாய்வதற்குத் துணை செய்தால் போதும்.

சக்கர நாற்காலியிலேயே நாளைக் கழிப்பவர்கள் வேறொரு கவனம் கொள்ள வேண்டும். உணர்வு குன்றியவர்களுக்கு உட்காரும் எலும்பின் கீழ்த் தோல் வலியின்றியே புண்ணாகும். கால் மணி முதல் அரை மணி நேரத்திற்கு ஒருமுறை உடலைத் தூக்கியோ பக்கவாட்டில் சாய்ந்தோ அழுத்தத்தை மாற்ற வேண்டும். மாலையில் குடும்பத்தினர் அவ்விடத்தைப் பார்த்து, சிவப்பு மறையவில்லை என்றால் தெரிவிக்க வேண்டும். காற்றடைத்த வளைய மெத்தையை வாங்க வேண்டாம். அது அழுத்தத்தை விளிம்பிற்கு மாற்றிவிடும். பிரேக் போடாத சக்கர நாற்காலியிலிருந்து எழவும் வேண்டாம்.

நடமாட இயன்ற முதியவர்களின் கால் வலிமையை வீட்டிலேயே அறிய ஒரு சோதனை உண்டு. கைப்பிடியற்ற 17 அங்குல நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போட்டு, கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, 30 நொடிகளில் எத்தனை முறை முழுமையாக எழுந்து அமர இயலும் என்று எண்ண வேண்டும். அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம், 70 முதல் 74 வயதுள்ள ஆண்கள் 12 முறைக்கும் பெண்கள் 10 முறைக்கும் குறைவாகச் செய்தால், விழும் இடர் மிகுதி என்று கொள்கிறது. நம்மவர்க்கு அந்த எண் அப்படியே பொருந்த வேண்டும் என்பதில்லை; மூன்று மாதங்களுக்கு முன் எட்டு முறை எழுந்தவர் இன்று ஐந்தோடு நின்றுவிட்டாரா என்பதே முக்கியம். அருகில் ஒருவர் நின்றிருக்க வேண்டும். அண்மையில் அறுவை செய்துகொண்டவர்களும், நெஞ்சுவலி அல்லது மயக்கம் உள்ளவர்களும் மருத்துவரைக் கேளாமல் இதைச் செய்ய வேண்டாம். இயன்றவர்களுக்கு இதுவே மருந்தும் ஆகும்: காலை, மதியம், இரவு உணவுக்கு முன் ஐந்து முறை நிதானமாக எழுந்து அமர்ந்து வந்தால், சில வாரங்களில் தொடைத் தசை வலுப்பெறுவதைக் காணலாம்.

அடுத்த முறை மூட்டுநோய்ப் பிரிவிற்கு வரும்போது மூன்று எண்களை எழுதி வாருங்கள்: முழங்கால் மடிப்பின் உயரம், பெரியவர் நாளின் பெரும்பகுதி அமரும் இருக்கையின் உயரம் (மெத்தை அமுங்கிய பின் அளந்தது), கழிப்பறை இருக்கையின் உயரம். கைப்பேசியில் அந்த இருக்கையைப் பக்கவாட்டிலிருந்து ஒரு படம் எடுத்து வந்தால் இன்னும் நன்று. இயன்முறை மருத்துவர் அதைப் பார்த்து, ஆசாரி செய்ய வேண்டியதை அளவோடு ஒரு தாளில் எழுதித் தருவார்.